முற்காலச் சீனப் பேரரசில் நிமித்தம் அரசனுக்குக் கடிவாளமா, கைவாளா?

ஏடுதேடி (வினா)

வணக்கம். சில மாதங்களாகச் சின், ஹான் அரசமரபுகளின் காலத்தைத் தொடர்ந்து படித்து வருகிறேன். படிக்கப் படிக்க ஒரு கேள்வி மட்டும் தீராமல் உடன் வருவதால் அதை இங்கே வைக்கிறேன்.

கி.மு. 221-இல் எஞ்சியிருந்த நாடுகளையெல்லாம் வென்று முடித்து 'ஹுவாங்தி' என்னும் புதுப்பட்டத்தைச் சூடிய முதற்பேரரசர், கி.மு. 213-இல் அமைச்சர் லி சியின் சொற்கேட்டுப் பழைய நூல்களைத் தீயிடச் சொன்னபோது, மருத்துவ நூல்களையும் மரம் வளர்க்கும் நூல்களையும் போலவே குறிபார்க்கும் நூல்களையும் எரிக்காமல் விட்டுவைத்தார். பழைய வரலாறுகளையும் பழம்பாடல்களையும் கண்டு அஞ்சிய ஓர் அரசு, வருவதுரைக்கும் நூல்களைக் கண்டு அஞ்சவில்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது. ஆனால் இரண்டே ஆண்டுகளில், கி.மு. 211-இல், தோங் மாவட்டத்தில் விழுந்த விண்கல் ஒன்றில் 'முதற்பேரரசர் இறப்பார், நிலம் பிளவுபடும்' என்று யாரோ பொறித்துவிட்டார்கள். பொறித்தவர் அகப்படாததால், அக்கல்லைச் சூழ்ந்து வாழ்ந்த மக்கள் அனைவரையும் கொல்லச் செய்து, கல்லையும் எரித்து அழிக்கச் சொன்னார் பேரரசர். அதே ஆண்டில் குறிபார்த்தபோது 'பயணமும் இடப்பெயர்வும் நன்று' என்று வந்ததால், 30,000 குடும்பங்களை வடக்கு எல்லைப்புறத்துக்குக் குடிபெயர்த்தார். மறு ஆண்டு தாமும் நெடும்பயணம் புறப்பட்டு, வழியில் ஷாசியு என்னுமிடத்தில் உயிர்நீத்தார்.

இதனோடு ஹான் மரபின் வென் பேரரசரை ஒப்பிட்டுப் பாருங்கள். கி.மு. 178-இல் சூரிய கிரகணம் நிகழ்ந்தபோது அவர் வெளியிட்ட ஆணையில், ஆள்பவனிடம் அறம் குன்றி ஆட்சி நடுநிலை தவறினால் வானம் கேடுகளைக் காட்டி எச்சரிக்கும் என்றும், பழி தம் ஒருவரையே சேரும் என்றும், தம் குறைகளை அஞ்சாமல் எடுத்துச் சொல்லக்கூடிய சான்றோரைத் தேடி அனுப்புமாறும் எழுதினார். அதே ஆண்டில், அரசை இகழ்தல், தீநிமித்தம் பேசுதல் என்னும் குற்றங்களுக்கான சட்டத்தையும் நீக்கினார்.

ஒரே நம்பிக்கை ஓர் அரசரைக் கொலைக்கும் இன்னொருவரைத் தன்குறை ஏற்புக்கும் இட்டுச் சென்றிருக்கிறது. அப்படியானால் நிமித்தம் அரசனைக் கட்டுப்படுத்திய கடிவாளமா, அவன் கையிலிருந்த வாளா? இதைப் பற்றி ஆழ்ந்து படித்தவர்கள் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.


நாணற்குச்சி (மறுமொழி)

தங்கள் கேள்வியில் அரசனும் இருக்கிறான், நிமித்தமும் இருக்கிறது. அவ்விரண்டுக்கும் நடுவே நின்று 'இதற்கு இதுதான் பொருள்' என்று சொல்பவர் மட்டும் விடுபட்டிருக்கிறார். எனக்கு அவர்தான் இந்த வரலாற்றின் மையமாகப் படுகிறார்.

சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். அன்யாங்கில் கிடைத்த, ஷாங் என்னும் பழைய அரசமரபின் காலத்து எலும்புகளிலும் ஆமை ஓடுகளிலும் 'அரசர் கீறலைப் படித்துச் சொன்னார்' என்னும் தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. ஓட்டின் உட்புறத்தில் குழிதோண்டிச் சூடுகாட்டும்போது மறுபுறத்தில் விழும் கீறலை, உடனிருக்கும் பூசகர்கள் அல்லாமல் அரசரே படித்தார். ஃபூ ஹாவோ என்னும் அரசியின் மகப்பேற்றைப் பற்றிய புகழ்பெற்ற ஓட்டில், எந்தெந்த நாளில் பிறந்தால் நன்று என்று அரசர் உரைத்ததும், முப்பத்தோராம் நாளில் பிறந்தது பெண்ணாகையால் நன்றாக அமையவில்லை என்ற முடிவும் சேர்த்தே பொறிக்கப்பட்டுள்ளன. குறியைப் படிக்கும் கண்ணும் ஆணையிடும் வாயும் அங்கே ஒருவருடையவையாகவே இருந்தன.

பேரரசு உருவானபோது அந்த இரண்டும் பிரிந்துவிட்டன. கீறலைப் படிப்பது ஓர் அரசுப் பணியாகிவிட்டது. அதற்குப் பயிற்சியும் தேர்வும் சம்பளமும் வந்தன. ஹூபேயில் ஜாங்ஜியாஷான் என்னுமிடத்தில் 247 என்று எண்ணிடப்பட்ட கல்லறையில் கிடைத்த மூங்கில் ஏடுகளில், கி.மு. 186-ஐ ஒட்டிய ஹான் சட்டங்கள் உள்ளன. அவற்றின்படி எழுத்தர், குறிபார்ப்பவர், வேண்டுதல் உரைப்பவர் ஆகியோரின் பிள்ளைகள் பதினேழாம் வயதில் படிக்கத் தொடங்கி, மூன்றாண்டுகளுக்குப் பின் தேர்வுக்குச் செல்ல வேண்டும். குறிபார்ப்பவராக விரும்பும் மாணவர் குறிநூல்களில் 3,000 எழுத்துகளை அறிந்திருப்பதோடு, ஆறு முறை குறிபார்த்து அவற்றுள் ஒன்றாவது சரியாக அமையவும் வேண்டும். இந்த ஆறில் ஒன்று என்னும் அளவு என்னை நீண்ட நேரம் சிந்திக்க வைத்தது. தன் குறிபார்ப்பவர் பெரும்பாலும் தவறக்கூடும் என்று தெரிந்துகொண்டே, அவர்களை அளந்து பார்த்துப் பணியில் அமர்த்தும் ஓர் அரசு, நம்பிக்கையில் மூழ்கிய அரசும் ஆகாது, நம்பிக்கையற்ற அரசும் ஆகாது.

நடுவில் நிற்கும் இவரின் நிலை எப்படிப்பட்டது என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். கி.மு. 180-இல், பின்னாளில் வென் பேரரசரானவர் தாய் என்னும் சிற்றரசின் மன்னராக இருந்தார். தலைநகரிலிருந்து அரியணை ஏறுமாறு அழைப்பு வந்தபோது அதை நம்புவதா என்று தெரியாமல் ஆமை ஓட்டில் குறிபார்க்கச் செய்தார். 'பெருங்குறுக்கு' என்னும் கீறல் விழுந்தது. அதற்குரிய பாடலில், 'நான் வானரசன் ஆவேன்' என்று வந்தது. 'நான் ஏற்கெனவே மன்னன்தானே, இன்னும் எந்த மன்னனாவது?' என்று அவர் கேட்க, 'வானரசன் என்றால் வானின் மைந்தர்', அதாவது பேரரசர், என்று விளக்கினார் குறிபார்த்தவர். அந்த ஒரு விளக்கம் இல்லையென்றால் கீறல் வெறும் கீறலாகவே நின்றிருக்கும். அப்போதும்கூட அவர் உடனே புறப்பட்டுவிடவில்லை. தாய்மாமனை முன்னே அனுப்பி நிலவரத்தை அறிந்துகொண்ட பிறகே சென்றார்.

இரண்டாவது, வூ பேரரசர் காலத்தில் (கி.மு. 141 முதல் 87 வரை) நடந்தது. குறிப்பிட்ட ஒரு நாள் பெண்ணெடுக்க உகந்ததா என்று பல்வேறு முறைகளைச் சேர்ந்த கணியர்களைக் கூட்டிக் கேட்டார். ஐம்பூத முறையினர் ஆகும் என்றனர். நிலமும் வானும் பார்ப்பவர்கள் ஆகாது என்றனர். ஒரு முறையினர் மிகத் தீது என்றும், இன்னொரு முறையினர் சிறிது தீது என்றும், வேறொருவர் சிறிது நன்று என்றும், தாய்யி முறையினர் மிக நன்று என்றும் சொல்ல, வழக்கு முடிவின்றி நீண்டது. இறுதியில் பேரரசரே ஆணையிட்டார்: சாவும் தீட்டும் தவிர்க்கும் காரியங்களில் ஐம்பூத முறையே தலைமையானது. வானம் என்ன சொல்கிறது என்று அவர் சொல்லவில்லை. வானம் சொல்வதை யார் வாயால் கேட்பது என்பதை மட்டும் தீர்த்துவைத்தார். ஷாங் அரசனிடமிருந்த படிக்கும் உரிமை பேரரசரிடம் இல்லாமற் போனாலும், படிப்பவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவரிடம் இருந்தது. கடிவாளமா, வாளா என்னும் தங்கள் கேள்விக்கு முன்னால், கைப்பிடி யாரிடம் இருந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது.


மழைக்குறி (மறுமொழி)

முன்னவர் சொன்னதில் பாதியை முழுமனத்தோடு ஏற்கிறேன். மறுபாதியில், அதாவது படிப்பவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அரசரிடமே இருந்தது என்பதில், எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. யாரும் தேர்ந்தெடுக்காமல் தாமாகவே படிக்க முன்வந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் கொடுத்த விலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கி.மு. 135-இல் ஹான் மரபைத் தோற்றுவித்தவருக்காக லியாவ்தோங்கில் எழுப்பிய கோயில் எரிந்தது. அவருடைய கல்லறைத் தோட்டத்து மண்டபம் ஒன்றும் அதே ஆண்டில் எரிந்தது. தொங் சொங்ஷு என்னும் அறிஞர் இந்தத் தீயின் பொருளை விளக்கி, அரசருக்கு அனுப்பாமல், ஒரு வரைவை மட்டும் எழுதி வைத்திருந்தார். அவரைக் காண வந்த சூஃபூ யென் அதைக் களவாடிப் பேரரசரிடம் கொடுத்துவிட்டார். பேரரசர் அறிஞர்களை அழைத்துக் காட்டியபோது, அவர்களில் ஒருவராக இருந்த தொங்கின் சொந்த மாணவரே, ஆசிரியர் எழுதியது என்று அறியாமல், பெரும் அறிவீனம் என்று தீர்ப்புச் சொன்னார். தொங்குக்கு மரணத் தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு மன்னிப்பும் கிடைத்தது. அதற்குப்பின் அவர் கேடுகளையும் நிமித்தங்களையும் பற்றி வாய்திறக்கத் துணியவில்லை என்கிறது வரலாறு. வானம் அரசனை எச்சரிக்கிறது என்னும் கொள்கைக்கு நூல்வழி அடித்தளம் இட்டவரே அவர்தான் என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

அவர் வாய்மூடினாலும் கொள்கை வாய்மூடவில்லை. அவருடைய மாணவர் வழியில் வந்த சுய் ஹொங், கி.மு. 78-இல் தைஷான் மலைப்பகுதியில் ஒரு பெருங்கல் தானே எழுந்து நின்றதையும், அரசத் தோட்டத்தில் விழுந்து பட்டுப்போன வில்லோ மரம் மீண்டும் நிமிர்ந்து தளிர்த்ததையும், அதன் இலைகளைப் பூச்சி அரித்த தடம் 'கொங்சுன் பிங்யி நிலைபெறுவான்' என்று எழுத்தாக அமைந்ததையும் கேட்டறிந்தார். கல் கீழ்மக்களின் அடையாளம், தைஷான் அரசர்கள் வேள்வி செய்யும் இடம். ஆகவே எளிய குடியிலிருந்து ஒருவர் வானின் மைந்தராக வருவார், இப்போதிருக்கும் பேரரசர் தகுதியுடைய ஒருவரைத் தேடி அரியணையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று எழுதியனுப்பினார். அப்போது ஆட்சியைக் கையில் வைத்திருந்த தளபதி ஹுவோ குவாங், அவரையும் அந்த முறையீட்டைக் கொண்டு சேர்த்த நண்பரையும் கொல்லச் செய்தார். நான்கே ஆண்டுகளில், கி.மு. 74-இல், சிறைவீட்டிலும் எளிய மக்களிடையிலும் வளர்ந்த லியூ பிங்யி என்னும் இளவரசர் அரியணை ஏறினார். அவரே சுவான் பேரரசர். சுய் ஹொங்கின் மகனுக்கு அவர் அரசவையில் பதவி அளித்தார். தம் வரவைச் சொன்ன நிமித்தத்துக்கு அவர் செலுத்திய கடனாக அதைக் கொள்ளலாம். கொல்லப்பட்டவர் திரும்பி வரவில்லை.

எனவே கடிவாளம் இருந்தது உண்மை. ஆனால் அதைப் பிடித்து இழுத்தவர்களின் கைகள்தான் பெரும்பாலும் வெட்டுண்டன. பழியை வேறொருவர் தலையில் இறக்கிவைக்கும் வழக்கமும் அரசவையில் இருந்தது. கேடு வந்தால் அதை அரசரிடமிருந்து கீழுள்ளவர்கள்மேல் மாற்றி வேண்டுவதற்கென்றே 'மறைவேண்டுதல்' அதிகாரி ஒருவர் இருந்தார். வென் பேரரசர் கி.மு. 167-இல் அந்தப் பதவியை ஒழித்தார். என் குறையை நானே சுமப்பேன் என்பதே அவருடைய நிலை. தாங்கள் எடுத்துக்காட்டிய கிரகண ஆணை வெறும் சொல்லாக நின்றுவிடவில்லை என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவேன்.

ஆனால் வழக்கம் மீண்டும் வந்தது. கி.மு. 7-இல் செவ்வாய், நாம் கேட்டை என்று சொல்லும் விண்மீனின் அருகே நின்றுவிட்டது என்று அரசவையில் சொன்னார்கள். சீன வானநூலில் அது வானரசனின் இருப்பிடம்; அங்கே செவ்வாய் தங்குவது ஆள்பவனின் உயிருக்கே ஆபத்து என்று பொருள். செங் பேரரசர் தலைமையமைச்சர் ஜாய் ஃபாங்ஜின்னைக் கடிந்து ஓலை எழுதி, உடன் பத்துக் குடம் மதுவும் ஓர் எருதும் அனுப்பினார். அந்தக் கொடையின் பொருளை அறிந்த அமைச்சர் அன்றே தற்கொலை செய்துகொண்டார். அடுத்த மாதத்தில் பேரரசரும் திடீரென இறந்துபோனார். இக்காலத்தில் கணித்துப் பார்த்த வானியல் வரலாற்றாய்வாளர்கள், அந்நாள்களில் செவ்வாய் அவ்விடத்தில் நிற்கவே இல்லை என்று காட்டியிருக்கிறார்கள். நடக்காத ஒரு கோள்நிலைக்காக ஓர் அமைச்சர் உயிர்விட்டார் என்பதை முதன்முதலில் படித்த அன்று என்னால் மேலே படிக்க முடியவில்லை.


கூழாங்கல் (மறுமொழி)

இருவரும் அரண்மனைக்குள்ளேயே நிற்கிறீர்கள். வெளியிலும் சற்றுப் பார்க்கலாம்.

1975-இல் ஹூபேயில் ஷுய்ஹுதி என்னுமிடத்தில், சின் அரசின் கீழ் மாவட்ட அளவில் சட்டப்பணி செய்த 'சி' என்னும் அலுவலரின் கல்லறை அகழப்பட்டது. கி.மு. 217-ஐ ஒட்டி இறந்த அவருடைய உடலோடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூங்கில் ஏடுகள் இருந்தன. அவற்றில் பெரும்பகுதி சட்டமும் விசாரணை முறையும் ஆகும். அவற்றுக்குப் பக்கத்திலேயே, எந்த நாளில் வீடு கட்டலாம், எந்த நாளில் பயணம் போகக்கூடாது, எந்த நாளில் பதவி ஏற்றால் நன்மை என்று சொல்லும் நாள்நூல்கள் இரண்டு கிடந்தன. அவற்றில் பேய்களை எதிர்கொள்ளும் ஒரு பகுதியும் உண்டு. காரணமின்றி ஒருவரைத் தொடர்ந்து தாக்கும் பேய்க்குப் பீச்சு மரத்தில் வில்லும், முள்மரத்தில் அம்பும், அம்புக்குக் கோழியிறகும் அமைத்து, கண்டதும் எய்ய வேண்டும் என்கிறது அது. அந்த நடையைக் கவனியுங்கள்: குற்றம், அதன் பெயர், அதற்குரிய நடவடிக்கை. சட்ட ஏட்டின் நடையும் ஏறக்குறைய இதுவேதான். பேரரசின் சட்டத்தைக் கையில் வைத்திருந்த மனிதரே நாளும் பார்த்தார், பேயையும் அம்பெய்து விரட்டத் தெரிந்து வைத்திருந்தார் என்றால், குறிநூல்கள் எரிக்கப்படாமல் விடப்பட்டதில் வியப்பு ஒன்றும் இல்லை. அவை இல்லாமல் அன்றாட ஆட்சியே நடந்திருக்காது.

ஆபத்து வேறு இடத்திலிருந்து வந்தது. கி.மு. 209-இல் தாசே ஊரில் மழையில் சிக்கிக் காலம் தவறிய 900 கட்டாயப் படையாள்களுக்கு மரணத் தண்டனை காத்திருந்தது. அவர்களின் தலைவர்களான சென் ஷெங்கும் வூ குவாங்கும் கலகத்துக்கு முன் ஒரு குறிபார்ப்பவரிடம் சென்றார்கள். உங்கள் காரியம் நிறைவேறும், ஆனால் பேய்த்தெய்வங்களிடம் கேட்டீர்களா என்றார் அவர். முதலில் மக்களை அச்சத்தால் வசப்படுத்து என்பதே அதன் உட்பொருள் என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். பட்டுத்துண்டில் செந்தூரத்தால் 'சென் ஷெங் அரசராவார்' என்றெழுதி மீன்வயிற்றில் வைத்தார்கள். மீனை வாங்கிச் சமைத்த படையாள்கள் அதைக் கண்டு திகைத்தார்கள். இரவில் அருகிலிருந்த தோப்புக் கோயிலில் விளக்கேற்றி, நரி குரலெடுத்து அதையே சொல்வதுபோல ஊளையிடச் செய்தார்கள். சின் பேரரசு சரியத் தொடங்கியது அங்கேதான். அரசு தேர்வு நடத்திச் சம்பளம் கொடுக்காத ஒருவர் சொன்ன ஒரு வாக்கியம், அத்தனை பெரிய அரசின் கட்டுப்பாட்டுக்கும் வெளியே இருந்தது.


ஏடுதேடி (வினா தொடர்ச்சி)

மூவருக்கும் நன்றி. நடுவில் நிற்பவர் என்னும் கருத்து எனக்குப் பெரிய தெளிவைத் தந்தது. இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. நடுவில் நிற்பவர் யாருமின்றி அரசரே நேரடியாகத் தெய்வத்தின் முன் நிற்கும் இடம் ஒன்று இருந்திருக்க வேண்டும் அல்லவா. வேள்விகளில் அது எப்படி நடந்தது? ஹான் ஆட்சியைத் தமதாக்கிக்கொண்ட வாங் மாங் நிமித்தங்களாலேயே அரியணை ஏறினார் என்று படித்தேன். அவர் விஷயத்தில் கைப்பிடி யாரிடம் இருந்தது?


நாணற்குச்சி (மறுமொழி)

முதல் ஐயத்துக்குத் தைஷான் வேள்வியே விடையாகும். முதற்பேரரசர் கி.மு. 219-இல் அங்கே சென்றபோது, முறை தெரிந்த அறிஞர்களைக் கேட்டார்; ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்ல, எல்லாரையும் விலக்கிவிட்டுத் தாமே ஏறினார். வூ பேரரசர் கி.மு. 110-இல் சென்றபோதும் அதுவே நடந்தது; பல ஆண்டுகளாக முறையை வகுத்தும் ஒத்துவராத அறிஞர்களை அவரும் விலக்கினார். ஒரே ஓர் உதவியாளரோடு உச்சிக்கு ஏறி, அங்கே செய்ததை யாருக்கும் தெரியாமல் மறைத்தார். வானியலும் குறிப்பேடும் காக்கும் பதவியிலிருந்த சீமா தான் என்பவர், அந்தப் பயணத்தில் தம்மைச் சேர்க்காத துயரத்தால் நோயுற்று அந்த ஆண்டே இறந்தார். இறக்கும் தறுவாயில் மகன் சீமா சியெனிடம் கண்ணீரோடு அதைச் சொன்னார். விளக்கம் சொல்லும் எல்லாரையும் கீழே நிறுத்திவிட்டு மேலே ஏறும் அந்த மலைப்பாதையில்தான், நடுவில் யாரும் நிற்காத, தாங்கள் கேட்கும் இடத்தை அரசர்கள் தேடினார்கள் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் நாள்தோறும் மலையேற முடியாது. தலைநகருக்கு வெகுதொலைவிலிருந்த கான்சுவானில் தாய்யி தெய்வத்துக்கும், ஃபென்யினில் நிலத்தெய்வத்துக்கும் வூ ஏற்படுத்திய வேள்விகளை, குவாங் ஹெங் என்னும் அமைச்சர் பழைய நூல்களைக் காட்டி, தலைநகர் சாங்ஆனின் தெற்கு, வடக்குப் புறங்களுக்கு மாற்றச் செய்தார்; கி.மு. 31-இல் அங்கே முதல் வேள்வி நடந்தது. அரசு நடத்திவந்த 683 வழிபாட்டிடங்களுள் 475 நிறுத்தப்பட்டன. கான்சுவான் வழிபாட்டை நிறுத்திய நாளில் பெருங்காற்று வீசி நூற்றுக்கும் மேற்பட்ட பெருமரங்களை வேரோடு சாய்த்தது. அப்போதைய செங் பேரரசருக்கு வாரிசு பிறக்காததும் சேர்ந்து ஐயத்தை வளர்க்க, பழைய இடங்களுக்கே வழிபாடு திரும்பியது. பிறகு மீண்டும் மாறியது, மீண்டும் திரும்பியது. முப்பது ஆண்டுகளுக்கும் சற்று மேற்பட்ட காலத்தில் வானுக்கும் நிலத்துக்குமான வேள்வி ஐந்து முறை இடம்பெயர்ந்தது, கி.பி. 5-இல் சாங்ஆன் புறத்தில் அதை நிலைப்படுத்தியவர் வாங் மாங்தான். வானம் எங்கே கேட்கிறது என்றே உறுதியில்லாத ஒரு தலைமுறையில் அவர் வளர்ந்தார் என்பதை மறக்கலாகாது.

கி.பி. 8-இல் ஆய் ஜாங் என்னும் மாணவர் வெண்கலப் பெட்டி ஒன்றை ஹான் முன்னோரின் கோயிலில் கொண்டுவந்து வைத்தார். அதனுள் வாங் மாங் உண்மையான பேரரசர் ஆவார் என்னும் வானத்தின் ஆணையும், அவருக்கு அமைச்சராக வேண்டிய பதினொருவரின் பட்டியலும் இருந்தன. அவர்களில் எட்டுப் பேர் வாங் மாங்கின் ஆள்கள். பதினோராவது பெயர் ஆய் ஜாங். எஞ்சிய இருவர் வாங் சிங், வாங் ஷெங் என்னும் மங்கலப் பெயர்கள்; அப்படி யாரும் அரசவையில் இல்லை. ஆணையை மீறக்கூடாது என்பதால் அப்பெயருடையவர்களைத் தேட, பத்துக்கும் மேற்பட்டோர் கிடைத்தார்கள். குறியும் முகக்குறியும் பார்த்து அவர்களிலிருந்து எடுத்த இருவரில் ஒருவர் நகரவாயில் எழுத்தர், மற்றவர் பணியாரம் விற்பவர். இருவரும் உயர்பதவி பெற்றார்கள். தமக்குச் சாதகமான ஒரு பொய்யை ஏற்றுக்கொண்ட அரசர், அதன் ஒவ்வோர் எழுத்துக்கும் கட்டுப்பட வேண்டியதாயிற்று.

கி.பி. 10-இல் அவருடைய நெருங்கிய துணைவரின் மகன் ஜென் சுன், ஹான் அரசமரபின் கைம்பெண் பேரரசியாக இருந்த வாங் மாங்கின் மகளே தனக்கு மனைவியாவாள் என்று ஒரு வான்குறியை உண்டாக்கினார். வாங் மாங் வெகுண்டு அவரைக் கொல்லச் செய்தார். அந்த வழக்கில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அவரவர் தாமே வான்குறி எழுதத் தொடங்கிய பின் அவற்றைத் தடுக்கவும் அவரே ஆணையிட வேண்டியிருந்தது. கைப்பிடி யாரிடம் என்று கேட்டீர்கள். அது கைக்குக் கை மாறக்கூடியது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்பதே என் விடை.


மழைக்குறி (மறுமொழி)

முன்னவர் சொன்னதன் தொடர்ச்சியை நான் சொல்கிறேன். வாங் மாங்குக்குப் பின் ஹான் மரபை மீட்ட குவாங்வூ பேரரசரும், 'லியூ சியூ படைதிரட்டித் தீயோரைப் பிடிப்பார்' என்று தொடங்கும் வருவதுரை ஒன்றைத் தமக்கான ஆணையாகக் கொண்டே கி.பி. 25-இல் அரியணை ஏறினார். லியூ சியூ என்பது அவர் பெயர். கி.பி. 56-இல் தைஷானில் வேள்வி செய்து, அதே ஆண்டில் வருவதுரை நூல்களை நாடெங்கும் அரசின் ஏற்புடையவையாக வெளியிட்டார். இனிப் புதிதாக எதையும் யாரும் சேர்க்க முடியாதபடி மூடிவைப்பதே அதன் நோக்கம் என்பது என் கருத்து.

விண்மீன் பார்க்கும் மேடையை எங்கே கட்டுவது என்ற பேச்சு வந்தபோது, வருவதுரை நூலைக் கொண்டு தீர்மானிக்கலாமா என்று அவர் ஹுவான் தான் என்னும் அறிஞரைக் கேட்டார். நெடுநேரம் பேசாதிருந்த ஹுவான் தான், 'நான் வருவதுரைகளைப் படிப்பதில்லை' என்றார். காரணம் கேட்டபோது அவை மறைநூல்களுக்கு ஒத்தவையல்ல என்று விளக்கினார். சான்றோரை இகழ்ந்தவன், சட்டத்தை மதியாதவன், இழுத்துச் சென்று வெட்டுங்கள் என்றார் பேரரசர். நெற்றியில் குருதி வழியத் தரையில் முட்டி வணங்கிய பிறகே அவர் உயிர்தப்பினார். எழுபது வயதைக் கடந்த அவரைத் தொலைவான மாவட்டம் ஒன்றுக்குத் துணை அலுவலராக அனுப்பினார்கள். போகும் வழியில் நோயுற்று இறந்தார்.

அவரைப் பகுத்தறிவாளராக மட்டும் காட்டும் எழுத்துகளை அடிக்கடி பார்க்கிறேன், அக்காலத்துக் கேள்வி அப்படி அமைந்திருக்கவில்லை என்பதற்கு ஜாங் ஹெங் (கி.பி. 78 முதல் 139 வரை) நல்ல சான்று. கி.பி. 132-இல் நிலநடுக்கம் அறியும் கருவியைச் செய்தவர் அவர். சீமா தான் வகித்த அதே பதவியை வகித்து நாள்தோறும் வானத்தைப் பார்த்து எழுதியவர். வருவதுரை நூல்களைத் திரட்டித் தடைசெய்ய வேண்டும் என்று அரசருக்கு எழுதியபோது அவர் ஓர் உவமை சொன்னார்: ஓவியர் நாயையும் குதிரையையும் வரைய விரும்புவதில்லை, பேய்களை வரையவே விரும்புகிறார்கள், உள்ளதை வரைவது கடினம், இல்லாததற்கு எல்லையே இல்லை. ஆனால் அதே முறையீட்டில், கணக்குக்கு உட்பட்ட நாட்கணிப்பும், காற்றின் திசை பார்த்தலும், கோட்டுருக்களால் குறிபார்த்தலும் பலமுறை பலித்தவை என்றும், அவற்றைக் கற்க யாரும் முன்வராமல் வருவதுரைகளின் பின்னால் ஓடுகிறார்கள் என்றும் வருந்துகிறார். குறி இருக்கட்டும், ஆனால் அளக்கத் தெரிந்தவர் கையில் இருக்கட்டும் என்பதே அவருடைய வழக்கு. அவருடைய வேண்டுதல் அப்போது நிறைவேறவில்லை. ஹான் மரபு மறைந்து, அதன்பின் வந்த ஜின் மரபினர் கி.பி. 267-இல் வருவதுரை நூல்களைத் தடைசெய்தபோது, விண்மீன்களைப் பார்த்துக் குறிசொல்லும் கல்வியையும் அவற்றோடு சேர்த்தே தடைசெய்தார்கள்.